மொசூலுக்குப் போன சேலை

நல்லூர், திருப்பூர்
தை 5 (18 ஜனவரி 2025)

அன்புள்ள ஜனனிக்கு,

அத்தை எழுதுவது. பொங்கல் கழிந்தது. நீ இல்லாத பொங்கல் இது இரண்டாவது. பால் பொங்கும்போது யாரும் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்காததால், அது சத்தமில்லாமல் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது.

வாரம் தவறாமல் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நீ நினைக்கலாம். போனில் நீ “சாப்பிட்டேங்க அத்தை” என்கிறாய். நானும் சாப்பிட்டேன் என்கிறேன். இருவரும் சாப்பிட்டது தெரிந்ததோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எழுத உட்கார்ந்தால் மனுஷி கொஞ்சமாவது யோசிப்பாள்.

ஈராக்குக்குத் தபால் போய்ச் சேருமா என்று கேட்டதற்கு, தபால் நிலையத்தில் இருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஆகவே நான் எழுதுவதை நம் பனியன் கம்பெனி மேனேஜர் சதீஷ்குமார் படம் பிடித்து அனுப்புவான். நீயும் கையால் எழுதிப் படமாக அனுப்பு. படிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்கிறான். படிப்பான் என்று வைத்துக்கொண்டே நான் எழுதுகிறேன். நீயும் அப்படியே எழுது.

என் பையன் கதிர்வேல் தவறிப்போன பிறகு இந்த வீட்டில் நீயும் நானும் எதிரெதிர் அறைகளில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தோம். “படிச்ச படிப்பு வீணாகுது, ஒரு வருஷம் போய்ட்டு வா கண்ணு” என்று உன்னை அனுப்பியவளே நான்தான். அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு வருடம் என்றுதான் சொன்னேன். போன வாரம், ஏதோ ரேஷன் கடைச் செய்தி சொல்வதுபோல, “இன்னும் கொஞ்ச நாள் நீட்டிச்சிருக்காங்க அத்தை” என்றாய். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு?

என் சித்தப்பா மகள் மாரக்காள் பொங்கலுக்கு வந்தாள். “ஏனுங்க்கா, உங்க மருமக அங்க என்ன வேலைங்க பண்ணுது?” என்றாள். போரில் சேதமான மியூசியத்துத் துணிகளைச் சுத்தம் செய்து பாதுகாக்கிற வேலை, யுனெஸ்கோ திட்டம், பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து செய்கிறார்கள் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “துணி தொவைக்கறதுக்கா ஏரோப்ளேன் ஏறிப் போயிருக்குது? நம்மூர்ல இல்லாத சாயப்பட்டறைங்களா?” என்றாள். சிரிப்பு வந்தது. அவள் எதிரில் சிரிக்கவில்லை.

மஸ்லின் துணியின் பெயரே மொசூல் ஊரிலிருந்து வந்தது என்று, கான்வென்டில் எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்த மதர் பெர்னதெத் சொல்லியிருக்கிறார். அதனால் அந்த ஊர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ எப்போது திரும்புகிறாய் என்பதை மட்டும் தெளிவாக எழுது. உன் அறை அப்படியே இருக்கிறது. சாம்பிள் செக்‌ஷனில் உன் நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லை.

உன் அத்தை,
வசந்தாமணி


மொசூல்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அத்தைக்கு,

ஜனனி எழுதுவது. உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும், பள்ளிக்கூடப் பிள்ளைபோல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டேன். இங்கே கடுங்குளிர். நீங்கள் கொடுத்த சால்வைதான் காப்பாற்றுகிறது.

மாரக்காள் சித்தியிடம் சொல்லுங்கள், நாங்கள் துணி துவைப்பதில்லை. துவைக்காமல் இருப்பதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள்.

இது வீட்டுச் சாமான்களுக்கான சின்ன மியூசியம். கல்யாண உடுப்பு, தொட்டில் துணி, தலைத்துணி என்று ஊர்க்காரர்கள் கொடுத்தவை. போர்க்காலத்தில் யாரோ அவற்றைப் பெட்டிகளில் போட்டு நிலவறையில் பதுக்கியிருக்கிறார்கள். குண்டிலிருந்து தப்பின. ஈரத்திலிருந்து தப்பவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, மேலே வலையைப் போட்டு, மெல்லிய தூரிகையால் பூஞ்சையைத் தள்ளுகிறோம். மடிக்கவே கூடாது. மடித்த இடத்தில்தான் துணி முதலில் இற்றுப்போகும். அட்டைக்குழலில் சுற்றி வைக்கிறோம், நம் கட்டிங் செக்‌ஷனில் ரோல் அடுக்குவது போலவே. இங்கே வந்த முதல் நாள் அந்த ரோல்களைப் பார்த்து நம் அருள்புரம் யூனிட்டுக்கே வந்துவிட்டதாக நினைத்தேன்.

போன மாதம் ஒரு மணப்பெண்ணின் தலைத்துணி என் மேஜைக்கு வந்தது. வெள்ளைப் பட்டு. ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை. எடுக்கலாமா என்று எங்கள் தலைவி மர்த்தாவிடம் கேட்டேன். இத்தாலிக்காரர், உங்களைப்போலக் கண்டிப்பானவர். “எதனால் வந்தது என்று தெரிகிறவரை தொடாதே” என்றார். பெட்டியில் ஒட்டியிருந்த பெயரை வைத்து அந்தக் குடும்பத்தைத் தேடினோம். ஒரு வயதான அம்மாள் வந்தார். பார்த்ததும் அழுவார் என்று நினைத்தேன், விழுந்து விழுந்து சிரித்தார். அவருடைய அப்பா மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்தபோது கை நடுங்கி மணப்பெண்மேல் காபியைக் கொட்டிவிட்டாராம். அந்த வீடு இப்போது இல்லை. தெருவே இல்லை. அந்தக் கறை இருக்கிறது. அதைத் துடைத்திருந்தால் என்ன பாவம் செய்திருப்பேன்!

இதைத் தயாபரனிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரர். நூலகங்களில் சேதமான புத்தகங்களைச் சீர்செய்ய இங்குள்ள இளைஞர்களுக்குப் பழக்குகிறார். தயாபரனைத் தவிர இங்கே தமிழ் பேச ஆளில்லை. தயாபரன் சமைக்கும் சொதி நம் வீட்டுத் தேங்காய்ப்பால் குழம்பு மாதிரியே இருக்கும், காரம் மட்டும் குறைவு.

சித்திரைக்குள் வர முடியாது அத்தை. கோபப்படாதீர்கள். ஜூனில் விடுப்பு கேட்டிருக்கிறேன். மாத்திரையை வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
ஜனனி

(சதீஷ் அண்ணா, நீங்கள் படிக்கிறீர்கள் என்றால், அத்தையின் அறை மின்விசிறி சத்தம் போடுகிறது. ஆள் வைத்துப் பாருங்கள்.)


நல்லூர், திருப்பூர்
மாசி 28 (12 மார்ச் 2025)

அன்புள்ள ஜனனிக்கு,

உன் கடிதத்தின் கடைசி வரியைப் பற்றிச் சதீஷ்குமாரிடம் நான் சொல்லவே இல்லை. மறுநாள் மின்விசிறிக்கு ஆள் வந்துவிட்டது. சத்தியத்தின் லட்சணம் இது.

கறைபற்றி எழுதியிருந்தாய். ஐம்பது வருடத்தில் நான் கேட்டிராத நியாயம். எதனால் வந்தது என்று தெரிகிறவரை தொடக் கூடாதாம். நம் செக்கிங் மேஜையில் வரும் கறை எல்லாம் எதனால் வந்தது? மிஷின் எண்ணெய், வேறென்ன? தையலை எப்போதும் திருப்பிப் போட்டு முதுகைப் பார் என்று மதர் பெர்னதெத் சொல்லிக்கொடுத்ததை வைத்துத்தான் நானும் உன் மாமாவும் இந்த யூனிட்டை நடத்தினோம். அவர் போன பிறகு நான் ஒருத்தியாக நடத்தியதும் அதை வைத்துத்தான். கறை என்றால் கறைதான். மர்த்தா அம்மையார் திருப்பூரில் தொழில் செய்து பார்க்கட்டும்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஜெர்மனிக்குக் கைக்குழந்தைகளுக்கான பனியன் ஆர்டர் கிளம்புகிற நேரம். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்தார். மேலே இருந்த பீஸின் கீழ்மடிப்பில் மஞ்சளாக ஒரு புள்ளி. அடுத்த பெட்டி, அதிலும் ஒரு புள்ளி. எல்லாப் பெட்டியிலும் முதல் பீஸில் அதே இடத்தில் அதே அளவில். சாயம் கக்குகிறது என்று அவர் லாட்டையே நிறுத்திவிட்டார். எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. செக்கிங்கில் இருக்கும் ராக்கம்மாளைக் கூப்பிட்டேன். உனக்கு நினைவிருக்கும், சிவகங்கைப் பக்கத்துப் பெண், உரக்கப் பேசுவாள்.

“பச்சப்புள்ளைக்குப் போடுற துணிம்மா. மஞ்ச வைக்காம எப்படி அனுப்ப?” என்றாள், நான்தான் தப்புச் செய்ததுபோல.

“அது ஜெர்மனிக்குப் போகுது.”

“போகட்டுமே. அங்கிட்டும் புள்ளைக்குத்தானே போடுவாக?”

இன்ஸ்பெக்டருக்கு இதை இங்கிலீஷில் விளக்கினேன். மூஞ்சியைச் சுளிக்காமல் கேட்டார், அந்த மட்டும் நல்ல மனிதர். எல்லாப் பெட்டியையும் பிரித்து மேல் பீஸை மாற்றி அனுப்பினோம். ராக்கம்மாளைத் திட்டினேன். மாற்றி எடுத்த பனியன்களைத் தன் தெருவில் பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்டாள். கொடு என்றேன். உன் மியூசியத்துக்கு வேண்டுமானால் சொல், ஒன்று எடுத்து வைக்கிறேன்.

அந்தத் தயாபரன் பெயர் உன் கடிதத்தில் அடிக்கடி வருகிறது. “அவர்” என்று எழுதினால் போதும் என்ற இடத்திலும் பெயரையே எழுதியிருக்கிறாய். நல்ல மனிதர்தானே? குடும்பம் உண்டா?

உலகமே சேர்ந்து ஓர் ஊரைக் காப்பாற்றுகிறது என்பதைப் படிக்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. போரில் இடிந்த மொசூலின் சாய்ந்த கோபுரத்தை மறுபடி கட்டிய படம் பேப்பரில் வந்தது. கத்தரித்து உன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஆனால் கண்ணு, ஊருக்கு உலகம் இருக்கிறது. வீட்டுக்கு ஆள் வேண்டாமா?

உன் அத்தை,
வசந்தாமணி


மொசூல்
20 ஏப்ரல் 2025

அன்புள்ள அத்தைக்கு,

ராக்கம்மா அக்காவின் கதையை மர்த்தாவிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். மேஜையைத் தட்டிச் சிரித்தார். பிறகு அவர் கேட்டது: “மாற்றி எடுத்த துணிகளில் ஒன்று கிடைக்குமா?” நீங்கள் கிண்டலாகத்தான் கேட்டீர்கள். அவர் நிஜமாகவே கேட்கிறார். ஒன்று எடுத்து வையுங்கள்.

இங்கே பயிற்சி வகுப்பில் புதிதாகப் பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். போர்க்காலத்தில் பள்ளிக்கூடமே போக முடியாமல், இப்போது விட்ட இடத்திலிருந்து படிப்பவர்கள். ஒருத்திக்குப் பட்டுக்கும் பருத்திக்கும் வித்தியாசத்தை விரலால் காட்டிக்கொடுத்தேன். நீங்கள் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, தடவிப் பார்த்தே துணியின் கனம் எத்தனை ஜிஎஸ்எம் என்று சொல்ல வைத்தது நினைவுக்கு வந்தது. தப்பாகச் சொன்னால் “மறுபடி” என்பீர்களே, நானும் “மறுபடி” என்றேன். அவள் என்னை முறைத்த முறைப்பைப் பார்த்திருக்க வேண்டும்.

தயாபரனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நல்ல மனிதர். குடும்பம் என்று யாழ்ப்பாணத்தில் அம்மா மட்டும். அவருடைய ஊர் நூலகம் அவர் பிறப்பதற்கு முந்தைய வருடம் எரிக்கப்பட்டது. அந்தப் புகையைப் பார்த்தவர்கள் வீட்டில் வளர்ந்ததால்தான் இந்த வேலைக்கு வந்தேன் என்பார். மற்றதை நேரில் சொல்கிறேன். விடுப்புக் கிடைத்துவிட்டது. ஜூன் பதினைந்தாம் தேதி பக்கத்து நகரமான எர்பிலிலிருந்து விமானம். பதினாறாம் தேதி காலை கோயம்புத்தூர்.

உங்களிடம் நேரில் பேச வேண்டியது ஒன்று இருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. உங்கள் கை பக்கத்தில் இருக்கும்போது சொன்னால் எனக்குச் சுலபம், அவ்வளவுதான்.

அன்புடன்,
ஜனனி


நல்லூர், திருப்பூர்
வைகாசி 23 (6 ஜூன் 2025)

அன்புள்ள ஜனனிக்கு,

நீ கிளம்புவதற்கு முன் கிடைக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

உன் அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. மெத்தை புதிது. ஜன்னல் பக்கத்து வேப்பமரம் மேலே வந்துவிட்டதால் வெயில் முன்போல அடிக்காது. கதிரின் சட்டைகளை உன் அலமாரியிலிருந்து எடுத்து என் அலமாரிக்கு மாற்றிவிட்டேன். நீ வந்து திறந்ததும் அவை கண்ணில் பட வேண்டாம் என்று தோன்றியது. உனக்கு வேண்டுமென்றால் கேள், திரும்ப வைக்கிறேன்.

கொமரலிங்கத்தில் நம் தோட்டத்துத் தென்னை இளநீர் இறக்கச் சொல்லியிருக்கிறேன். அமராவதி ஆற்றோரம் ஒரு நடை போய் வரலாம். கார் அனுப்பாமல் விமான நிலையத்துக்கு நானே வருகிறேன். உன்னைத் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும்படி அந்தப் பச்சைச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு வா. என் கண் முன்போல இல்லை.

மாரக்காள் நேற்றும் வந்தாள். “புள்ள வந்தா இனி அனுப்பாதீங்க்கா. யூனிட்ட கையில குடுத்து உக்கார வெச்சுடுங்க. சின்ன வயசு, வெளியூரு, நாலு பேரு நாலு பேசுவாங்க” என்றாள். நாலு பேர் பேசுவதை எனக்குச் சொல்ல அஞ்சாவது ஆள் வேண்டாம் என்றேன். ஆனால் யூனிட் விஷயம் என் மனதிலும் இருந்ததுதான். சாம்பிள் செக்‌ஷனோடு நிற்காமல் முழுவதையும் நீ பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டு இருக்கிறேன். அது எனக்கு நன்றாக வரும்.

நேரில் பேச வேண்டியது ஒன்று இருக்கிறது என்று எழுதினாய். எனக்கும் இதுதான் இருந்தது. நான் முதலில் சொல்லிவிட்டேன்.

உன் அத்தை,
வசந்தாமணி


மொசூல்
2 ஜூலை 2025

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதம் படமாக வரவில்லை, காகிதமாகவே வருகிறது. பக்கத்து நாட்டுப் போரால் வான்வழியை மூடியதும் என் விமானம் ரத்தானதும் உங்களுக்குப் போனில் தெரியும். நீங்கள் அப்போது “சரி” என்று ஒரே வார்த்தை சொன்னீர்கள். மறுபடி விடுப்புக் கேட்க முடியவில்லை. வான்வழி திறந்துவிட்டதால், எர்பில் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பாலக்காட்டு நர்ஸ் லிசி ஊருக்கு வருகிறாள். இதை உங்கள் கையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். செப்டம்பர் முதல் வாரம் திரும்புவாள். பதில் தர விரும்பினால் அவளிடம் கொடுங்கள். சதீஷ் அண்ணன் வழியாக வேண்டாம்.

தயாபரன் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருக்கிறார். எனக்கும் விருப்பம். இதை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன், மறுபடி எடுக்க நேரமாயிற்று.

கதிரை மறந்துவிட்டேன் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. தயாபரனுக்குக் கதிரைப் பற்றி எல்லாம் தெரியும். ஸ்கூட்டரில் போகும்போது முன்னால் போகிற வண்டி நம்பரை எல்லாம் கூட்டிக்கொண்டே போவார் என்பதுவரை தெரியும். சொல்லச் சொல்லிக் கேட்பார்.

அத்தை, கதிர் போன மூன்றாம் நாள் உறவுக்காரப் பெண்கள் என் வளையலைக் கழற்றவும் மற்றதுக்கும் கூட்டமாக வந்தார்கள். நீங்கள் கேட்டை உள்ளே பூட்டிவிட்டு, “ஊட்டுல கொரோனா இருக்குதுங்க, யாரும் வராதீங்க” என்று சத்தமாகச் சொன்னீர்கள். நம் இருவருக்கும் இல்லை என்று அன்று காலைதான் ரிசல்ட் வந்திருந்தது. வாழ்க்கையில் நீங்கள் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவை. நீங்கள் மட்டும் மாமா போனதிலிருந்து மஞ்சள் தொட்டதில்லை, ஒரு கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்ததில்லை. உங்களுக்கு வைத்துக்கொண்ட சட்டத்தை எனக்கு வைக்கவில்லை. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

பெற்றவர்கள் இல்லாத பெண்ணாக உங்கள் வீட்டுக்கு வந்தேன். கேட்க எனக்கு வேறு யாரும் இல்லை. நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் நான் இதைச் செய்யமாட்டேன். பயமுறுத்த எழுதவில்லை, உள்ளதை எழுதுகிறேன். சம்மதம் என்றால், தை மாதம் யாழ்ப்பாணத்தில் அவர் அம்மா முன்னால் எளிமையாக. அதற்குப் பிறகு இரண்டு வருடம் இங்கேயே வேலை இருக்கிறது. யூனிட்டுக்கு நான் வர முடியாது. இதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஜனனி

மதிப்புக்குரிய அம்மாவுக்கு, தயாபரன் எழுதுவது. நான்கு வரி எழுத ஜனனி இடம் விட்டிருக்கிறார். உங்களோடு கதைக்க வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. உங்களை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல்தான் துணிவு வரவில்லை. உங்கள் மகனுடைய இடத்தைக் கேட்கவில்லை. பக்கத்தில் ஓர் இடம் இருந்தால் போதும்.


நல்லூர், திருப்பூர்
ஆனி 28 (12 ஜூலை 2025)

ஜனனிக்கு,

இது சதீஷ்குமார் படம் பிடித்து அனுப்புவது.

லிசி வந்து போனாள். நல்ல பெண். காபி குடித்தாள். கொண்டுவந்ததைப் பெற்றுக்கொண்டேன். ஒரு முறை படித்தேன்.

ஆடி பிறக்கப்போகிறது. ஆடியில் நம் வீட்டில் எதற்கும் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்வதில்லை. ஆவணி வரட்டும்.

இங்கே காற்று பலமாக அடிக்கிறது. உன் அறை ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறேன்.

வசந்தாமணி


மொசூல்
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அத்தைக்கு,

பதிலுக்கு அவசரப்படுத்த எழுதவில்லை. ஒரு செய்தி சொல்லத்தான்.

மியூசியத்தில் ஓர் அறையை மட்டும் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அந்தத் தலைத்துணியைக் கண்ணாடிக்குள், கறை தெரிகிற பக்கமாக விரித்து வைத்தோம். காபிக் கதை சொன்ன அம்மாள் பேரன் பேத்திகளோடு வந்தார். கண்ணாடிமேல் கையை வைத்து, கறை இருக்கும் இடத்தைத் தடவிக்கொண்டே நின்றார். காவலாளி, தொடக் கூடாது என்று சொல்ல வந்தார். மர்த்தா அவரைக் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். மாலையில் நான்தான் அந்தக் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். துடைக்காமல் அறைக்கு வந்துவிட்டேன்.

நீங்கள் கடைசிக் கடிதத்தில் “உன் அத்தை” என்று எழுதவில்லை. வெறும் பெயர் இருந்தது. அவசரத்தில் விட்டிருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

சாப்பிட்டீர்களா?

ஜனனி


நல்லூர், திருப்பூர்
ஆவணி 15 (31 ஆகஸ்ட் 2025)

அன்புள்ள ஜனனிக்கு,

அத்தை எழுதுவது. உறையை நானே ஒட்டியிருக்கிறேன். லிசி நாளை வந்து பார்சலோடு வாங்கிப் போகிறாள்.

அவசரத்தில் விடவில்லை. வேண்டுமென்றுதான் விட்டேன். இனி நான் உனக்கு யார் என்று எனக்கே தெரியாமல் “உன் அத்தை” என்று எப்படி எழுதுவது? தெரியாததை எழுதி எனக்குப் பழக்கமில்லை.

லிசி கொண்டுவந்த உன் கடிதத்தை ஆடி முழுவதும் மறுபடி படிக்கவில்லை. கதிரின் சட்டைகளுக்கு நடுவில் வைத்திருந்தேன். ஆவணி பிறந்த அன்று எடுத்தேன். வேண்டாம் என்று சொன்னால் செய்யமாட்டேன் என்ற வரியில்தான் நான் நின்றுபோனேன். நீ சொன்னால் செய்வாய். நான் வேண்டாம் என்று எழுதினால் நீ வந்து அந்த நாற்காலியில் உட்காருவாய், நானும் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்வேன், இரண்டு பேரும் சாப்பிட்டோமா என்று கேட்டுக்கொண்டு காலம் போகும். ஒரு நாள் அல்ல, சில நாட்கள் அப்படி எழுதவே நினைத்தேன். காகிதம்கூட எடுத்துவிட்டேன்.

பிறகு கடைவீதிக்குப் போய் ஒரு சேலை எடுத்தேன். அரக்குப் பட்டு, கரை அகலமில்லை. உனக்கு அகலக் கரை பிடிக்காது. கடைக்காரர் எடுத்துப் போட்ட ஒவ்வொன்றையும் திருப்பி முதுகைப் பார்த்ததில் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

புதுச்சேலையை அப்படியே அனுப்ப முடியாதே. மஞ்சள் வைக்க வேண்டும். நான் வைக்கக் கூடாது. மாரக்காள் பேரன் பேத்தி எடுத்தவள், புருஷன் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறார். ஊர்ச் சீரெல்லாம் அவள்தான் செய்கிறாள். சேலையை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“தப்பா நெனைக்காதீங்க்கா. தாலியறுத்த புள்ள கட்டற சீலைக்கு நானெப்படீங்க மஞ்ச வெக்கறது? எங்கூட்லயும் புள்ளைங்க இருக்குதுங்களே.”

“சரி மாரக்கா. கட்டப்போறவ எப்படியோ, வெக்கறவளும் அப்படியே இருந்துட்டுப் போகட்டும், நானே வெக்கறேன்” என்றேன்.

சொல்லும்போது கோபத்தில்தான் சொன்னேன். காரில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். அதில் பிழை ஒன்றும் தெரியவில்லை. திருப்பிப் போட்டும் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து குளித்தேன். மஞ்சளைக் குழைத்தேன். உன் மாமா போன பிறகு சமையலுக்கு அல்லாமல் மஞ்சளைத் தொட்டது அன்றுதான். முந்தானை ஓரத்தில் குன்றிமணி அளவுக்கு வைக்க நினைத்தேன். கை நடுங்கிவிட்டது. பழைய ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பரவிவிட்டது, வடிவமும் வட்டமாக இல்லை. என் செக்கிங் மேஜைக்கு வந்திருந்தால் தூக்கிப் போட்டிருப்பேன். ஈரத்துணியை எடுத்துத் துடைக்கக்கூடப் போனேன். எதனால் வந்தது என்று தெரிகிறவரை தொடாதே என்று உன் மர்த்தா அம்மையார் சொன்னது நினைவுக்கு வந்தது. எனக்குத் தெரியும். ஆகவே விட்டுவிட்டேன்.

சேலையை மடிக்கவில்லை. கட்டிங்கிலிருந்து ஓர் அட்டைக்குழல் வாங்கி, நீ எழுதியபடி சுற்றியிருக்கிறேன். லிசிக்குத் தூக்கிப்போகச் சிரமம்தான், மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். கூடவே மர்த்தாவுக்கு ராக்கம்மாள் மஞ்சள் வைத்த பனியன் ஒன்று இருக்கிறது.

கல்யாணத்துக்கு என்னை வரச் சொல்லாதே. மனசு இன்னும் அவ்வளவு பெரிதாகவில்லை. மணவறையில் உன் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் எனக்கு என் பையன்தான் தெரிவான். அது உங்கள் இருவருக்கும் நல்லதல்ல. அன்றைக்குக் கொமரலிங்கம் போய் ஆற்றைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். முகூர்த்த நேரத்தை மட்டும் எழுது.

தயாபரன் எழுதிய வரிகளில் ஒரு பிழைகூட இல்லை. கையெழுத்தும் நேராக இருக்கிறது. புத்தகம் தைக்கிறவர் என்றால் தையல் தெரிந்தவர்தானே. என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று கேட்டிருக்கிறார். அவர்கள் ஊரில் எப்படியோ, எங்கள் ஊரில் பெண்ணைக் கொடுத்தவளை அத்தை என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படியே கூப்பிடச் சொல். அதனால் உனக்கு என்ன முறை ஆகிறது என்பதை நீயே கணக்குப் போட்டுக்கொள். நீ பழையபடியே அத்தை என்று கூப்பிட்டால் போதும். இந்த வயதில் வேறு பெயருக்குத் திரும்பிப் பார்க்க எனக்கு வராது.

யூனிட்டைப் பற்றிக் கவலைப்படாதே. உன் நாற்காலியில் ராக்கம்மாளை உட்காரச் சொல்லிவிட்டேன். உரக்கப் பேசுகிறாள், பொறுத்துக்கொள்கிறேன். உன் அறை இருக்கிறது. ஒற்றைக் கட்டிலை மாற்றி வைக்கிறேன். எப்போது வருகிறீர்கள் என்று கேட்கமாட்டேன். காற்று அடங்கிவிட்டதால் ஜன்னலைத் திறந்து விட்டிருக்கிறேன்.

சேலை கிடைத்ததும் கட்டிக்கொண்டு ஒரு படம் எடுத்து அனுப்பு. மஞ்சள் இருக்கும் பக்கம் தெரிய வேண்டும். சதீஷ்குமார் பார்த்தால் பார்க்கட்டும்.

உன் அத்தை,
வசந்தாமணி